சக்களத்திக்கு எண்ணெய்

"ஹலோ... ஹலோ, டெலஸ்கோப் கடைதானே?... ஆமா, இப்பப் பேசினது நான்தான், நடுவுல கட் ஆயிடுச்சு... இல்ல சார், அப்புறம் கூப்பிடறேன்னு சொல்லாதீங்க. கடையில ஆள் நின்னா நிக்கட்டும், என்னை முதல்ல கவனிங்க. எனக்கு ஒரு ஸ்டாண்டு வேணும். இன்னிக்கே வேணும். அஞ்சரைக்குள்ள வேணும்."

மணி நாலேகால். கூடத்தில் விரித்த பழைய போர்வை மேல் அவள் கணவனின் டெலஸ்கோப் காய்ச்சல் கண்ட பிள்ளை மாதிரி படுத்துக் கிடந்தது. பக்கத்தில், அதைத் தாங்க வேண்டிய இயந்திரம் மூன்று கால்களையும் பரப்பிக்கொண்டு, தலை ஒரு பக்கம் தொங்க நின்றிருந்தது. அவள் வீட்டு முன்னறையில் துணி தைப்பவள். கல்யாணமாகி ஒரு வருஷமும் நாலு நாளும் ஆகியிருந்தது. அந்த நாலு நாளில்தான் வினை.

"...ஸ்டாண்டுன்னா அதான் சார், டெலஸ்கோப்பைத் தூக்கி மேல மாட்டுவாங்களே... மவுன்ட். சரி, மவுன்ட். மவுன்ட்டே கொடுங்க... பார்க்கவா, படம் எடுக்கவான்னா? படம் எடுக்கத்தான். வால்நட்சத்திரம்... ஆமா, ஆமா, மேற்குல தெரியுதே, அதேதான்... மேல கீழ, இடம் வலம் மட்டும் திரும்பறது விலை கம்மியா? அதையே கொடுத்துடுங்க... ஏன் ஆகாது?"

மறுமுனை பொறுமையாக விளக்கியது. அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள். முந்தானை எண்ணெயானது.

"...ம்... ம்... வானம் சாய்வா வட்டம் போடுது, மவுன்ட்டும் அதே சாய்வுல கூடச் சுத்தணும்... இல்லேன்னா நடுவுல நட்சத்திரம் புள்ளியா நிக்கும், ஓரத்துல எல்லாம் வளைஞ்சு இழுத்துக்கும்... புரியுது சார். காலர் தைக்கிற மாதிரி. துணி வளையற பக்கம் கையும் வளையணும். நேராத் தள்ளினா சுருக்கம் விழுந்துடும்... ஆமா, டெய்லர்தான்... சரி, சாய்ஞ்சு சுத்தறதையே கொடுங்க. முடிஞ்சுதா?... இன்னும் என்ன?... எடையா? இருங்க. வைக்காதீங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

குளியலறை வாசலில் எடை பார்க்கும் மெஷின் இருந்தது. முதலில் தனியாக ஏறினாள். பிறகு டெலஸ்கோப்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்து ஏறினாள்.

"...ரெண்டு கணக்கையும் எதுக்கு சார் சொல்லணும்? கழிச்சதைத்தான் சொல்வேன்... சிரிக்காதீங்க. ஒன்பது கிலோ... கேமரா தனி. முதுகுல ஒரு குட்டி டெலஸ்கோப் ஏத்துவார், அதுவும் தனி... அப்போ பதினொண்ணுன்னு வச்சுக்குவோம். பதினைஞ்சு கிலோ தாங்கறது போதுமில்ல?... போதாதா! பதினைஞ்சுன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?... அது சும்மா பார்க்கறதுக்கு. படம் எடுக்க அதுல பாதி, இல்ல கொஞ்சம் கூட... ஓ. இதுவும் எங்க தொழில் கதைதான். எட்டு மடிப்பு ஜீன்ஸ் தைக்கும்னு போட்டிருப்பான். நேர்த்தையல் வேணும்னா நாலுக்கு மேல வைக்கக் கூடாது... அப்போ இருபது. சரி சார், இருபது."

ஒரு வழியாகக் கரை தெரிந்தது. அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"...நிறமா? கறுப்பு. நடுவுல பச்சை வளையம் இருக்கணும். வேற மாதிரி வேணாம். இங்க இருக்கறதும் அதேதான், இருபதுன்னு ஒட்டியிருக்கு... எதுக்கா? ஒண்ணு வச்சுக்கிட்டு இன்னொண்ணு எதுக்குன்னா... அது வந்து... என் தம்பிக்குப் பரிசு... அவனுக்கு வானம்னா உயிர்..."

அவளுக்குத் தம்பியே கிடையாது. சொன்ன பொய் ஆறு வார்த்தைக்கு மேல் நகரவில்லை.

"...இல்லண்ணே. தம்பி இல்ல. சொல்லிடறேன். இங்க இருக்கறது கெட்டுப்போச்சு... விழல. நான் எண்ணெய் விட்டேன்... தையல் மெஷினுக்கு விடுவோமே, அந்த எண்ணெய்... எங்கன்னா, அந்த ரெண்டு கைப்பிடி இருக்கே, இறுக்கறதுக்கு, அதுக்குக் கீழ ஒரு இடுக்கு. மூக்கு நீளமான டப்பா எங்கிட்ட இருக்கு, அழகா உள்ள போச்சு... ஐயோன்னா? ஏண்ணே ஐயோங்கறீங்க? பயமுறுத்தாதீங்க..."

"...கிளட்ச்... அது உலர்ந்து இருந்தாத்தான் பிடிக்குமா? ஆமாண்ணே, பிடிக்கவே மாட்டேங்குது. சரியாயிடுச்சான்னு பார்க்க டெலஸ்கோப்பை மாட்டினேன். கைப்பிடியைக் கை சிவக்க இறுக்கினேன். மெதுவா, சாமி ஊர்வலம் மாதிரி மெதுவா, தலைகீழாத் திரும்பிடுச்சு. பாய்ஞ்சு பிடிச்சேன், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல... எண்ணெய் விடச் சொன்னது யாருன்னா கேக்கறீங்க? யாரும் சொல்லல. கர்கர்னு சத்தம் வருதுன்னு அவர் யார்கிட்டயோ போன்ல புலம்பினார். என் மெஷின் கத்தினா நான் என்ன செய்வேன்? ரெண்டு சொட்டு விடுவேன். அடங்கிடும்..."

அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. பதினெட்டு வயதிலிருந்து இரும்போடு பழகியவள். எந்த இரும்பும் எண்ணெய்க்கு இப்படித் துரோகம் செய்து அவள் பார்த்ததில்லை.

"...அதனாலதான் கேக்கறேன், அதே மாதிரி ஒண்ணு கொடுங்க. ஆட்டோவுல ஏத்தி விடுங்க. பழசை நான் துணி மூட்டைக்குள்ள மறைச்சுடுவேன்... ஒண்ணுதான் இருக்கா? ஒண்ணு போதும்ணே!... யாரு, வாத்தியாரா? வாத்தியார் சொல்லி வச்சிருந்தா என்ன, இன்னும் வாங்கலையே... அவர் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள எனக்குக் கொடுத்துடுங்க. உங்க வீட்டுக்கு வாழ்நாள் பூரா இலவசமாத் தைச்சுத் தரேன். ஜாக்கெட், சட்டை, ஜன்னல் திரை, எது வேணா... அண்ணே, நான் விளையாடலண்ணே."

குரல் உடைந்தது. எண்ணெய் முந்தானையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

"...உண்மையைச் சொல்லிட்டா என்னன்னு ஈஸியாச் சொல்லிட்டீங்க. நம்ப மாட்டார். யாருமே நம்ப மாட்டாங்க. நாலு நாள் முன்னாடி எங்க கல்யாண நாள். அரை மணியில வந்துடறேன்னு இதைத் தூக்கிட்டு மைதானத்துக்குப் போனார். சாப்பாடெல்லாம் ஆறி, நான் கட்டின புதுப் புடவையை மாத்தின பிறகு வந்தார். நாத்தனார் வேற விருந்துக்கு வந்திருந்தாங்க. அவங்க எதிர்லயே சொன்னேன், இது எனக்குச் சக்களத்தி, ஒரு நாள் இல்ல ஒரு நாள் மாடியிலேருந்து தூக்கிப் போட்டு உடைக்கிறேன் பாருங்கன்னு... ஆமா, அதே வார்த்தைதான். சொன்னது தப்புதான். அன்னிலேருந்து அவர் பேசறதில்ல. ஒரு வார்த்தை இல்ல. உப்பு வேணும்னாக்கூட எழுந்து போய் எடுத்துக்கறார்..."

"...இப்ப நான் போய், ஆசையாத்தான் எண்ணெய் விட்டேன், சமாதானமாகலாம்னு விட்டேன்னு சொன்னா? நாத்தனார் சாட்சி சொல்வாங்க. இன்னிக்கும் நாளைக்கும் விட்டா அந்த வால்நட்சத்திரம் நம்ம ஆயுசுக்கு வராதாமே... மூணு மாசமாக் காத்திருக்கார். பல்செட் செய்யற லேப்ல இன்னிக்கு அவர் செய்ய வேண்டியதை எல்லாம் நாளைக்குத் தள்ளிட்டு, அஞ்சரைக்கு வீட்டுக்குக் கிளம்பி வரப் போன்ல அனுமதி வாங்கினதைக் கேட்டேன். வந்து இதைப் பார்த்தார்னா... வாழ்க்கை முழுக்க, இவ வேணும்னே செஞ்சான்னு நினைச்சுக்கிட்டே எதிர்ல உக்காந்து சாப்பிடுவார்ண்ணே. அதை என்னால தாங்க முடியாது. புது மவுன்ட் வந்துட்டா ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடும். அவருக்கு எப்படித் தெரியப் போகுது?"

இந்தக் கேள்விக்குப் பதில் நீளமாக வந்தது. கேட்கக் கேட்க அவள் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"...என்னது, தெரிஞ்சுடுமா?... ம்... உள்ள ஒரு திருகு... அது ஒரு சுத்து சுத்த எட்டு நிமிஷம்... அந்த எட்டு நிமிஷத்துல கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும்... ஒரு மவுன்ட்டு மாதிரி இன்னொண்ணு முந்தாது... சரி, அதுக்கென்ன இப்ப?... ஆமா, பல்செட் லேப்காரர், அவரேதான்... உங்ககிட்டதான் வாங்கினாரா?... அவர் அதை எழுதி வச்சிருக்காரா! ஆறு மாசமா? எங்க இழுக்கும், எங்க தயங்கும்னு எல்லாமா?... கம்ப்யூட்டர்ல கோடு கோடா வருமே, நான் பார்த்திருக்கேன்... அந்தக் கோடு மாறிடுமா? பத்து நிமிஷத்துல?"

அவள் எழுந்து முன்னறைக் கதவு வழியாகத் தன் தையல் மெஷினைப் பார்த்தாள். வாங்கிய நாளிலிருந்து அது இடது பக்கம் ஒரு நூலளவு இழுக்கும். அவள் கை தன்னை அறியாமல் வலது பக்கம் ஒரு நூலளவு தள்ளும். அதே கம்பெனியின் அதே மெஷினைக் கண்ணைக் கட்டிக் கொடுத்தாலும், ஒரு முழம் தைப்பதற்குள் இது வேறு என்று சொல்லிவிடுவாள்.

"...வேணாம்ணே. அதை வாத்தியாருக்கே கொடுத்துடுங்க... ஆமா, புரியுது, எனக்குப் புரியாம வேற யாருக்குப் புரியும்? மறைச்சா அது வேற குத்தமாயிடும். எண்ணெயாவது தெரியாம விட்டது... என்ன?... பிரிச்சு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா சரியாகுமா? நிஜமாவா?... நான் பிரிக்கக் கூடாது. சரி, சரி, தொடவே மாட்டேன். அவருக்குப் பிரிக்கத் தெரியுமா?... நாளைக்காவது தயாராயிடுமில்ல?... இன்னிக்கே ஆனாலும் ஆகும்னா சொல்றீங்க? அண்ணே, உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும். ஆனா அவர் நம்பணுமே, அதுக்கு என்ன ஸ்பிரிட்..."

வாசல் கேட் கிறீச்சிட்டது. மணி அஞ்சு பத்துதான்.

"...வந்துட்டார்ண்ணே. சீக்கிரமே வந்துட்டார்."

போனை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை. போர்வை மேல் வைத்துவிட்டு எழுந்தாள்.

"...அங்கேயே நில்லுங்க. இங்க எண்ணெய் சிந்தியிருக்கு, வழுக்கும்... நான் ஒண்ணு சொல்லணும். நீங்க பதில் பேச வேணாம், கேட்டாப் போதும். அன்னிக்குச் சொன்னேனே, அப்படி எதுவும் செய்யல. தூக்கிப் போடல. கர்கர்னு கத்துதுன்னு நீங்க சொன்னது காதுல விழுந்தது. மெஷினுக்கு விடற எண்ணெயை அதுக்கும் விட்டேன். இப்ப எதுவும் பிடிக்க மாட்டேங்குது. வேணும்னு செய்யல. நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம்... இல்ல, இஷ்டம் இல்ல. நம்பணும். நீங்க நம்பித்தான் ஆகணும்."

அவன் தோள்பையைக் கூட இறக்காமல் மண்டியிட்டான். கைப்பிடியை இறுக்கி, தலையை ஒரு விரலால் தள்ளினான். அது தடையே இல்லாமல் சுழன்றது. இடுக்கில் விரலைத் தேய்த்தான். எண்ணெயை முகர்ந்து பார்த்தான். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, நாலு நாளைக்குப் பிறகு, வாயைத் திறந்தான்.

"...என்னது?... எத்தனை சொட்டா?"

ஏன் செய்தாய் என்று அவன் கேட்கவில்லை.

"...ஏழு. இல்ல, எட்டு. மேல மூணு, கீழ அஞ்சு... ஆமா, கீழதான் அதிகம்... ஆமா, முட்டாள்தான்... ஆமா, ஆமா, கிளட்சுக்குப் போய் எவளாவது எண்ணெய் விடுவாளா, விட்டேனே... டப்பாவுல என்ன எழுதியிருக்கா? இதோ, எடுத்துட்டு வரேன்... திட்டுங்க. நிறுத்தாதீங்க, நான் கேட்டுக்கிட்டேதான் வரேன்..."

போர்வை மேல் கிடந்த போனில் யாரோ மெல்லத் தொண்டையைச் செருமினார்கள். அப்புறம், அங்கிருந்தே, சத்தமில்லாமல் இணைப்பைத் துண்டித்தார்கள்.