வெள்ளிக்கிழமை மீன்

முல்லைத்தீவு பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள். மடியில் வெறும் மீன்கடகம் வைத்திருந்தவள் சொன்னாள்:

"இந்தமுறை சேர்ச்சில சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்யேக்கை, பக்கத்து வீட்டு வயல்கார அக்கான்ர பொய்யையும் நான்தான் சொல்லவேணும்."

"என்ன பொய்?"

"வெள்ளிக்கிழமை நாங்கள் வேதக்காரர் இறைச்சி தின்னமாட்டம், மீன்தானே. அவையும் அப்பிடியெண்டு நினைச்சு, வெள்ளிக்கு வெள்ளி நல்ல மீனாப் பார்த்துக் குடுத்தனான்."

"ஐயோ, சைவக்காரர் வெள்ளியில மீனும் தொடமாட்டினமெல்லே!"

"ஆருக்குத் தெரியும்? அவா சிரிச்சுக்கொண்டு வாங்குவா. அடுத்தநாள் நல்ல ருசியெண்டுவா. அவ்வளவையும் தென்னைக்குக் கீழ குழி தோண்டித் தாட்டிருக்கிறா. நேற்று நாய் கிளறேக்கைதான் கண்டனான்."

"இனிக் குடுக்கமாட்டியோ?"

"குடுப்பன். வியாழக்கிழமையில."

"அதுசரி, அவான்ர பொய்யை நீ ஏன் சொல்லுறாய்?"

"என்ர மனம் நோகக்கூடாதெண்டு சொன்ன பொய். பாவம், அவாக்குச் சொல்ல ஒரு சுவாமியாரும் இல்லை."