எல்லாரும் ஆடக்கூடிய விளையாட்டு

— கயிறிழுவையையும் வெட்டுங்க, தம்பி.

— அதையும் வெட்டினா என்ன மிஞ்சும், மக்கீன் காக்கா? இப்பதான் சாக்கோட்டத்தை வெட்டின.

— ஹமீட் ஓவசியருக்குக் குடலிறக்கம். ஒரு இழுவை இழுத்தாரெண்டா கயிறு வராது, மற்றதெல்லாம் வரும்.

— வந்தா புதுத் துரை பாத்து எழுதிப்போடுவாரு.

— மெல்லக் கதைங்க, கனகசிங்கம். ஆள் உள்ளறையிலதான் இருக்காரு.

— மெல்லத்தானே கதைக்கிறன். துரைட தாளை இன்னொருக்கா வாசிக்கவா? "நத்தார் விருந்து விளையாட்டுகளில், பியோன் தொடக்கம் பெரிய கிளாக்கர் வரை, ஒருவரும் ஒதுங்கி இருக்கக் கூடாது."

— எவ்வளவு பெரிய மனசு.

— கீழ் வரியையும் கேளுங்க. "விளையாட இயலாதோரின் பெயர்களை எனக்குத் தனியாகத் தரவும்."

— தனியா... அந்தப் பேரெல்லாம் மட்டக்களப்புக்கு, மெடிக்கல் போர்ட்டுக்கு. டாக்குத்தர் ஒரு பார்வை பாப்பாரு. பிறகு வீட்ட போ.

— துரை இதுக்கு முதல் இருந்த கந்தோர்ல நாலு பேரை அப்பிடி அனுப்பினவராம். முதல்ல நத்தார்க் கேக்கும் குடுத்தவராம்.

— நம்மட கந்தோர்ல ஒரு பேரும் போகப்படா. எனக்குப் பென்சனுக்கு இன்னும் பதினாலு மாசம் கிடக்கு.

— உங்களுக்கென்ன பயம் காக்கா? கல்லு மாதிரி இருக்கீங்க.

— நான் பொதுவாச் சென்ன.

— சரி... தேசிக்காயும் கரண்டியும்?

— பியோன் கதிர்காமனுக்குக் கால் இழுக்கும்.

— அது துரைக்கு வந்த அண்டே தெரியும். பியோன் கொண்டுபோற தேத்தண்ணி பாதி பீரிசுலதானே கிடக்கு.

— எண்டாலும் வேணாம். தேசிக்காய் சின்னச் சாமான். விழுந்து உருண்டுபோனா ஆரு தேடுற?

— ஒரு தேசிக்காயைத் தேட ஏலாதவங்களா நாம?

— வெட்டுங்க எண்டா வெட்டுங்க. கதிரை ஓட்டத்தை வைங்க. பாட்டு நிண்டா இருக்கிறது. இதுல ஆருக்கு என்ன கஷ்டம்?

— அது சரிவராது.

— ஏன்?

— டைப் அடிக்கிற பிள்ளை சிவக்கொழுந்து இருக்கு. ஆம்பிளையளோட இடிபட்டு ஒரு கதிரையில இருக்குமா?

— போன வருசம் இருந்த. ஸ்டோர் கீப்பரை நிலத்துல தள்ளிப்போட்டு இருந்த.

— இப்ப கலியாணம் பேசியிருக்கு.

— எனக்குத் தெரியாமலா?

— எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதான் நடக்கணுமா? பாட்டுப் பெட்டியும் பழுது.

— நேத்தும் பாடின. சாய்ந்தமருதுக்கே கேட்டிருக்கும்.

— காக்கா... கதிரை ஓட்டம் வேணாம்.

— சரி, வேணாம். மூஞ்சை நீட்டாதீங்க.

— வளையம் எறியிற?

— எறியிற ஒண்டும் வேணாம். ஆருட தலையிலயும் பட்டா?

— றப்பர் வளையம்.

— வேணாம்.

— அப்ப எல்லாரும் வட்டமா இருந்து வட்டிலாப்பம் தின்னுவமா?

— தின்னாதவனுக்கு நீரிழிவு எண்டு எழுதிருவாரு.

— பொறுங்க... யானைக்குக் கண் வைப்பமா? சுவர்ல பெரிசா ஒரு யானை. ஆளுட கண்ணைக் கட்டி, கையில சுண்ணாம்புக் கட்டியைக் குடுத்து...

— எழுதுங்க. முதலாவதா எழுதுங்க.

— அவசரப்படாதீங்க காக்கா.

— எல்லாருக்கும் கட்டு, தம்பி. துரைக்கும் கட்டு. ஆரு வாலுல கண்ணை வச்சாலும் சிரிச்சுப்போட்டுப் போவாங்க. இதுல ஆருட பேரை எழுதுற?

— ஓம். ஆனா ஒரு சட்டம். சுத்தி நிக்கிறவங்க இடது, வலது எண்டு சத்தம் போடப்படா.

— அதுலதானே பகிடி.

— பகிடி வேணாம். எல்லாரும் பேசாம நிக்கட்டும்.

— விருந்தா, மையத்து வீடா?

— ரெண்டாவதைச் செல்லுங்க.

— கண்ணைக் கட்டி மண் முட்டி உடைக்கிற.

— மூண்டாவது?

— கண்ணைக் கட்டி ஆளைப் பிடிக்கிற.

— நத்தார் விருந்தா, கண்ணாஸ்பத்திரியா?

— எழுதுங்க எண்டா.

— எழுதிட்டன். இந்தாங்க. சரி பாத்துக் கையெழுத்தை வைங்க.

— ம்... யானை... முட்டி... ஓம். வடிவான எழுத்து, தம்பி, உங்கட எழுத்து.

— பிழை ஒண்டும் இல்லையே?

— ஒரு பிழையும் இல்ல. எங்க வைக்கிற, கீழயா?

— எங்கயும் வைக்கலாம், காக்கா. அது வெறுந்தாள்.

— அப்ப எழுதின தாள்?

— எழுதின தாள் என்ட கையில கிடக்கு.

— வெள்ளெழுத்துத் தம்பி... வயசுக்கு எல்லாருக்கும் வாறதானே.

— வெள்ளெழுத்துக்காரன் வெறுந்தாளை வடிவெண்டு செல்ல மாட்டான்.

— எப்ப இருந்து தெரியும்?

— ஆனி மாசம். வயலுக்கு வாய்க்கால் தண்ணி விடுற முறைத் தாள்ல மாவடிப்பள்ளிக்கு ஒரே கிழமையில ரெண்டு தரம் தண்ணி எழுதினீங்க. பக்கத்து வயல் வட்டைக்கு ஒரு சொட்டும் எழுதல்ல. அண்டையில இருந்து நீங்க எழுதுற ஒவ்வொரு தாளையும் நான் திருப்பி எழுதித்தான் உள்ளுக்கு அனுப்புறன்.

— இதைத் துரைட்ட ஏன் செல்லல்ல? நான் போனா என்ட இடம் உங்களுக்குத்தானே.

— எனக்குத்தான். அதான் யோசிச்சிட்டிருக்கன். துரைட தாள் வந்த நேரத்துல இருந்து.

— யோசிங்க, தம்பி, ஆறுதலா யோசிங்க. அதுக்கு முதல் எழும்பி உள்ள போங்க. துரை உங்கட பேரைச் செல்லி மூண்டு தரம் கூப்பிட்டுட்டாரு. என்ட வாயைப் பாத்துக் கதைக்கிற உங்களுக்கு, உள்ள ஆரு கூப்பிட்டாலும் ரெண்டு வருசமா மேசையில தட்டித் தாறனான், இண்டைக்குத் தட்டல்ல.