அச்சில் பூசிய திருநீறு

காப்பியில் சிக்கரி கொஞ்சம் கூடிப்போச்சுங்க ஐயா. குறை சொல்லவில்லை, போலீஸ் ஸ்டேஷனில் இந்த மட்டுக்குச் சூடாகக் கிடைத்ததே பெரிசு. ஆனாலும் சுத்திவரக் காப்பித் தோட்டத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இதைக் குடிக்கிறீர்களே என்று மனசு கேட்கவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே வேலப்பன், பண்ணைக்காட்டு மெக்கானிக், அவர் என் வீட்டுக்காரர். அவரை அனுப்பிவிடுங்கள். வெள்ளனே கூட்டிவந்தது, பாவம், இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை. ஞானவேல் தம்பியின் மோட்டார் சைக்கிளில் முன்சக்கரத்து அச்சைக் கழற்றி மாட்டியது அவர்தான். ஆனால் அதைப் பார்த்தது நான். எங்கள் பட்டறையில் மாட்டுவது ஒரு சோலி, பார்ப்பது வேறொரு சோலி.

எனக்குப் பிறந்த ஊர் பழனிங்க. அடிவாரத்தில் அப்பாவுக்குத் திருநீற்றுக் கடை. கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் இவர் இரும்புச் சாமான்களை வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கீறல் தேடுவார். எனக்குச் சிரிப்பாக வரும். "ஏங்க, மாப்பிள்ளையா பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சாமானை மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டியது. எடுத்து, பழந்துணியால் ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டியது. மேலே மல்துணி வழியாகத் திருநீற்றைச் சலித்து, சின்னச் சுத்தியலால் ஓரமாகத் தட்ட வேண்டியது. விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மெல்லக் கசியும். வெள்ளைத் திருநீற்றில் தலைமயிர் கணக்காக ஓர் ஈரக்கோடு எழும்பும். இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்.

கோடு இல்லையென்றால் அந்த அச்சின் மேலிருக்கிற திருநீற்றையே ஒரு சிட்டிகை எடுத்து வண்டிக்காரர் நெற்றியில் பூசிவிடுவேன். அதற்கப்புறம் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஜீப் ஓட்டும் முரட்டு ஆட்கள்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்நிதியில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். "அக்கா, நெத்தியக் காலியா அனுப்பிராதீங்க. புது அச்சு வாங்க மதுரைக்கில்ல ஓடணும்" என்பார்கள். அன்றுவரை நான் பூசிவிட்ட ஒருவருக்கும் வண்டியில் ஒரு குறை வந்ததில்லைங்க.

கண்மணி என் தங்கச்சி. அவளைப் பெற்றபோதே அம்மா போய்ச் சேர்ந்தாள். நான் கல்யாணமாகி வரும்போது அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வந்தேன். எனக்குப் பிள்ளையில்லை, அந்தக் குறையே தெரியவில்லை. பஸ் கண்டக்டர் மாதிரி பேசிக்காட்டுவாள். இவர் குறட்டை விடுகிற மாதிரி விட்டுக்காட்டுவாள். ஒரு நட்டு வாங்க வந்தவர்கள்கூட அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருப்பார்கள். பட்டறைக்குள் சலித்துப்போட்ட திருநீறு மாதிரி அவள் சிரிப்பு எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கும்.

கண்மணியைக் கட்டிக்கொண்ட ஞானவேல் ஆடலூர்ப் பையன். தோட்டம் தோட்டமாகப் போய்க் காப்பியும் மிளகும் கொள்முதல் பண்ணுவார். பட்டாளத்தில் ஓடி ஓய்ந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். தங்கமான பிள்ளை. அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஜாதகம் பார்த்ததும் நான்தான், கல்யாணத்தில் ஓடியாடி வேலை செய்ததும் நான்தான். அவள் ஆடலூர் போன பிறகு வீடு சத்தமில்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். நானும் ஞாபகமில்லாமல் மூணு பேருக்கே உலை வைப்பேன். "பழகிரும் விசாலாட்சி" என்றார் இவர். பழகும் என்றுதான் நானும் பார்த்தேன். பழகவில்லை.

மறுவீட்டுக்கு வந்தார்கள். வருகிற வழியில் முன்சக்கரம் பள்ளத்தில் அடித்துவிட்டது. "எதுக்கும் மதினி பாத்திரட்டும்" என்று தம்பியே அச்சைக் கழற்றித் தரச் சொன்னார். ஊறப்போட்டு, துடைத்து, திருநீறு சலித்துத் தட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று, வாசலில் கோலத்தை மிதித்த கோழியைத் திட்டிக்கொண்டிருந்த கண்மணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மதினி, எங்க ஜாதகத்தைக்கூட இம்புட்டு நேரம் பாக்கலியே?"

"ஜாதகத்து மேல ஏறி உக்காந்து நீங்க மலை எறங்கப் போறதில்லையே தம்பி" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த நேரத்தில்தான் கோடு எழும்பியது. அச்சின் கழுத்தில், பாதி வட்டமாக, எறும்பு ஊர்ந்து போகிற மாதிரி. கட்டைவிரலால் துடைத்தேன். அந்தத் திருநீறு விரலில் ஒட்டிக்கொண்டது. விரலில் இருந்ததை வீணாக்குவானேன் என்று, "முருகன் துணை" சொல்லி அவர் நெற்றியில் பூசினேன். குனிந்து வாங்கிக்கொண்டார். நல்ல மரியாதையான பிள்ளை.

இவர் அச்சை மாட்டி முடித்ததும் கண்மணி வண்டியில் பின்னால் ஏறப் போனாள். "நீ எறங்கு. சீர்ப் பாத்திரத்தை யாரு கொண்டாருவா? நாளைக்கு நானே உன்னை பஸ்ஸுல கொண்டாந்து விடுறேன்" என்றேன்.

"பாத்தீங்களா, பித்தளைப் பானைக்கு என்னையக் காவல் வைக்கிறா எங்கக்கா" என்றாள் அவள்.

"பானை மட்டும் பத்திரமா வந்து சேரட்டும். இவளை வேணும்னா நீங்களே வச்சுக்கங்க மதினி" என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

அவர் வாயாலேயே சொன்னதுங்க அது. இவரும் பக்கத்தில் நின்று கேட்டார்.

டம்டம்பாறை வளைவில் நடந்தது உங்களுக்கே தெரியும். நான் தள்ளிவிடவில்லை. அச்சு ஆடலூர்வரை தாங்கியும் இருக்கலாம். தாங்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை. சாமி இஷ்டம் என்று விட்டுவிட்டு, கண்மணிக்குப் பிடிக்குமே என்று பலாக்கொட்டை போட்டுக் குழம்பு வைத்தேன்.

அதற்கப்புறம் அவளைப் பூப்போலப் பார்த்துக்கொள்கிறேன். வெள்ளைச் சீலை கட்ட வேண்டாம் என்று ஊராரோடு சண்டை போட்டதே நான்தான். நான் அந்தக் காலத்து மனுஷி இல்லைங்க. இப்போது அரை இட்லியாவது சாப்பிடுகிறாள். சிரிப்புதான் இன்னும் வரவில்லை. வரும். எனக்கு அவசரமில்லை.

என்னங்க சொன்னீர்கள்? தம்பி நெற்றியைப் பார்த்துக் கண்டுபிடித்ததாகவா?

சரிதான். நல்ல அச்சிலிருந்து எடுத்த திருநீறு காய்ந்து வெள்ளையாக இருக்கும், காற்றடித்தால் உதிரும். கீறல்மேல் இருந்து எடுத்தது எண்ணெய் குடித்துக் கறுப்பாக அப்பிக்கொள்ளும், ஈரத்துணி போட்டாலும் வெரசாப் போகாது. தூக்கிவந்து கிடத்தியபோது முகம் துடைத்துவிட்டவளுக்குத்தான் அது தெரிந்திருக்கும். ஆனால் பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதற்கு அர்த்தம் புரியாதுங்க. சின்ன வயசிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து திருநீறு சலித்துக் கொடுத்தவளுக்குத்தான் புரியும்.

அப்படியென்றால் புகார் கொடுத்தது கண்மணி.

தனியாகவா பஸ் ஏறி வந்தாள்? தலைக்கு ஏதாவது கட்டியிருந்தாளா? காலையில் பனி ஜாஸ்திங்க, அவளுக்குச் சளி பிடித்துக்கொள்ளும்.

கோபமாக இருப்பாள். சின்னதிலேயே அப்படித்தான், கோபம் வந்தால் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு மூலையில் உட்காருவாள். அப்புறம் அவளே வந்து மடியில் தலை வைப்பாள். எல்லாம் அவளுக்காகத்தான் என்று நான் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்கிற பெண்தான்.

எழுதுங்க ஐயா. கோட்டைப் பார்த்தேன். பார்த்துத்தான் துடைத்தேன். உடையும் என்று தெரிந்துதான் அவளை இறக்கினேன். கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்தே போட வரும்.

ஆனால் இருட்டுவதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள். கண்மணிக்குத் தனியாகப் படுத்தால் தூக்கம் வராது.