பலகைமேல் சேறு

கணக்கு வைக்க ஆளில்லாத காலத்திலே, கீழக்கரிசலிலே உடையப்பன் என்று ஒருவர் இருந்தாராம். ஏடு வாசிக்கிறவர். சாயங்காலமானால் சாவடியிலே பலகை போட்டு, அதன்மேல் ஏட்டை வைத்து வாசிப்பாராம். எப்படி வாழணும், எதை விடணும், எதுக்குக் கலங்கக்கூடாது என்று முன்னோர் சொன்னதையெல்லாம் புட்டுப் புட்டு வைப்பாராம். ஊர் ஆம்பளைகள் தலையாட்டிக் கேட்பார்களாம். நன்றாகத்தான் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு கோடை. குடிக்க ஒரே கிணறு. அதிலே ஒரு நாய் விழுந்து செத்து ஊறிக் கிடந்ததாம். வயிறு உப்பி, தோல் கழன்று, தண்ணீர்மேல் எண்ணெய்ப் படலம். உடையப்பன் வீட்டிலோ மகள் பூவாயி, பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு நாக்கு வறண்டு கிடக்கிறாள்.

உடையப்பன் சாவடிக்கு ஓடினாராம். "நான் இறங்குறேன். கயிறு பிடிக்க நாலு பேர் வாங்கப்பா."

மைத்துனன் முத்திருளாண்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னானாம்: "கலங்கின தண்ணி தானாத் தெளியும் மச்சான். கை விட்டா இன்னும் கலங்கும். நீங்க வாசிச்சதுதானே?"

"உன் அக்கா மக தண்ணியில்லாமக் கிடக்காடா!"

"தாகம் உடம்புக்குத்தானே? உடம்பே நமக்குச் சொந்தமில்லையே."

பக்கத்தில் சடையாண்டிப் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டாராம். "நாத்தம் மூக்கோட நிக்கணும், மனசுக்குப் போகக்கூடாது. எப்பேர்ப்பட்ட வார்த்தை! நீ வாசிச்சதுதான், உடையப்பா."

எல்லாம் அவர் வாசித்தது. அவர் ராகம் போட்டு இழுக்கிற இழுப்பிலேயே சொன்னார்களாம்.

உடையப்பன் கிணற்றடிக்குத் திரும்பினார். கயிற்றை இடுப்பிலே கட்டினார். மேலே பிடித்தது யார்? பெண்சாதி சீனியம்மாளும், அந்தப் பச்சை உடம்புக்காரியும். உள்ளே தொட்டால் தோல் கையோடு வருகிறது. கூடையிலே அள்ளினார், அள்ளினார். பெண்கள் இழுத்தார்கள். மேலேறியவர் கூடையோடு நேரே சாவடிக்குப் போனார். ஏட்டை எடுத்து ஓரமாய் வைத்தார். பலகைமேல் நாயைக் கொட்டினார்.

"இன்னைக்கு இதுதான் பாடம். பொருள் சொல்லுங்கடா!"

பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாராம். முத்திருளாண்டி தூணைக் கட்டிக்கொண்டு வாந்தி எடுத்தானாம். "எடுத்துருங்க மச்சான், எடுத்துருங்க! கயிறு பிடிக்க வர்றோம்!"

"ஏன்டா, மூக்கோட நிக்கலையா?"

அப்புறம் ஊரே கூடி, அழுகல் தண்ணீரை இறைத்துக் கொட்டி, ஊற்றுக்கண் தெரியத் தூர் வாரியதாம். புதுத் தண்ணீர் சுரந்ததும் முதல் சொம்பு பூவாயிக்குப் போனதாம்.

சில நாள் கழித்து, "மறுபடி வாசிங்க" என்று வந்து நின்றார்களாம். உடையப்பன் அவர்களை மேலும் கீழும் பார்த்தாராம். "வாசிக்கிறேன். முதல்ல கயிறு பிடிங்க" என்றாராம்.

அதனால்தான் கீழக்கரிசலிலே இன்றைக்கும் ஏடு வாசிக்கிறவன் முதலில் கிணற்றில் இறங்குகிறான். கேட்க வந்தவர்கள் கயிறு பிடிக்கிறார்கள். அடியிலிருந்து வரும் ஒரு கூடைச் சேறு பலகையில் விழுந்து, அது நாறிக்கொண்டிருக்கும்போதுதான், பக்கத்தில் ஏடு அவிழ்கிறது. வெளியூர்க்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கயிறு பிடிக்காதவன் எவ்வளவு பெரிய மனுசனாயிருந்தாலும் அந்தச் சாவடியில் அவனுக்கு உட்கார இடமில்லை.