கழுத்தில் விரலை இழுத்துக் காட்டியது பற்றி

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தெட்டு. தகர டப்பா செய்யும் ஆலையில் மூடி அடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஆலையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பட்டாசு' என்றுதான் கூப்பிடுவார்கள், வாய் அப்படி. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி ஆய்வாளர் ஐயா எச்சரித்திருப்பதால் இயன்றவரை அடக்கிச் சொல்கிறேன்.

காவலில் இருப்பவர் என் அக்காவின் வீட்டுக்காரர், எனக்கு மாமா. அதே ஆலையில் தகட்டை அழுத்தி டப்பாவாக்கும் பிரஸ் இயந்திரம் ஓட்டுகிறார். உறவுக்காரி என்பதால் அவருக்காகப் பரிந்து பேசுவேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வந்த ஒரு நல்ல வரனை, "எங்க மச்சினி வாயை நீங்க தாங்க மாட்டீங்க" என்று வந்தவர்களிடம் சொல்லிக் கலைத்துவிட்ட மனிதர் அவர். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. நான் அக்காவைப் பார்க்கப் போனால் அவர் மாடிக்குப் போய்விடுவார். இந்தத் தாள்களில் அவரை எதிரி என்று குறிப்பிடுவதாகச் சொன்னார்கள். தாராளமாகக் குறிப்பிடலாம், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை.

ஆனால் ஆலைக்குள் அவரோடு கையால் பேசித்தான் ஆக வேண்டும். பிரஸ் ஓடும் கூடத்தில் பக்கத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் எல்லாவற்றுக்கும் கைதான். மேற்பார்வையாளர் வருகிறார் என்றால் மீசையை முறுக்கிக் காட்டுவோம், பெண்களும் அப்படித்தான் காட்டுவோம். கழுத்தின் குறுக்கே விரலை இழுத்தால் இயந்திரத்தை நிறுத்து என்று அர்த்தம். தலைபோகிற அவசரம் என்றால் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே இருப்போம். வேலைக்குச் சேருகிற யாருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்.

காயம்பட்டவர், புதிய பிரஸ்ஸைப் பொருத்துவதற்காக வெளிநாட்டிலிருந்து வந்த மெக்கானிக். அவரை நாங்கள் 'நெட்டை' என்போம். தப்பான மனிதர் இல்லை, கண்டால் சிரிப்பார். நம் பேச்சு அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் கைச் சைகைகளை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய ஆளுக்கு நாம் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது என்று மேலாளர் முதல் நான் வரை எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம்.

சம்பவத்தன்று காலையில் நெட்டை, மாமாவைப் பார்த்து ஒற்றை விரலை மடக்கி மடக்கிக் கூப்பிட்டார். மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதன் பிறகு வெளியே கைகழுவும் இடத்தில், "நாயைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறான். இன்னொரு தடவை விரலை நீட்டட்டும், அப்புறம் இருக்கு அவனுக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி மாமா சொன்னார். நானும் கேட்டேன். அவருக்குக் கோபம் இருந்ததா என்று ஐயா கேட்டார். இருந்தது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நெட்டையின் ஊரில் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். மேலாளர் இதை எங்களிடம் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

அதன் பிறகு சாப்பிட்டுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினோம். புதிய பிரஸ்ஸுக்குத் தகடு ஊட்டும் பக்கத்தில் மாமா நின்றார். டப்பா வெளியே வரும் பக்கத்தில் நெட்டை, தடுப்பு வலையைக் கழற்றி வைத்துவிட்டு, டப்பாவை இழுத்து ஓடும் சங்கிலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தும் பொத்தான் அவர் பக்கத்தில் மட்டுமே உண்டு. எண்ணெய் துடைக்கும் நீளத் துணி ஒன்று அவர் இடுப்பில் பின்பக்கமாகச் செருகியிருந்தது. அதன் நுனியைச் சங்கிலி பிடித்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்தது.

மாமா கையை ஆட்டினார், நெட்டை நிமிர்ந்து பார்த்தார். மாமா கழுத்தில் விரலை இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார். பயத்தில் கண் பிதுங்கியிருந்தது. காலையில் முகம் சிவந்து முறைத்த ஆள் மதியம் கண்ணை உருட்டிக் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினால் நெட்டை என்ன நினைப்பார்? வேண்டாம், வேண்டாம் என்பதுபோல் இரண்டு உள்ளங்கையையும் முன்னால் காட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார். பின்னால்தான் சங்கிலி. மாமா இன்னும் வேகமாக இழுத்துக் காட்டினார். அவர் வேகமாகக் காட்டக் காட்ட இவர் பின்னால் போனார். அடப்பாவி மனுஷா, பொத்தானை அழுத்தேன் என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. துணி இழுத்ததில் தடுமாறி, விழாமல் இருக்க நெட்டை கையை ஊன்றியது சங்கிலியின் மேல்.

மாமா முதல் தடவை விரலை இழுத்தபோதே நான் சுவரில் இருக்கும் பெரிய மின்சுவிட்சை நோக்கி ஓடத் தொடங்கியிருந்தேன். அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே, வழியில் அடுக்கியிருந்த மூடிகளைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் சுவிட்சை இறக்கினேன். கூடம் முழுக்க அமைதியான பிறகுதான் நெட்டையின் அலறல் கேட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. திரும்பிப் பார்த்தபோது மாமா இயந்திரத்தின் மேல் ஏறிக் குதித்து, நெட்டையின் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். விட்டிருந்தால் முழங்கை வரை போயிருக்கும்.

ஆலைக் கேமராவில் பதிவான படத்தை ஐயா எனக்குப் போட்டுக் காட்டினார். அதில் மாமா கழுத்தை அறுப்பதுபோல் காட்டுவதும், பாய்ந்து நெட்டையின் கழுத்தைப் பிடிப்பதுபோல் தெரிவதும் இருக்கின்றன. நெட்டையும் மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு அதையேதான் சொல்லியிருக்கிறார், அவர் பார்த்தது அதுதான். ஆனால் நான் ஓடியது படத்தில் இல்லை, சுவிட்ச் இருக்கும் சுவர் அந்தக் கேமராவுக்கு எட்டாது. அது கொலை மிரட்டல் என்றால் அதைப் பார்த்த நான் எதற்காக மின்சாரத்தை நிறுத்த ஓட வேண்டும்? சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அவரையும் விசாரிக்கலாம். கொலை முயற்சி என்று வழக்குப் போனால் மாமா எத்தனை வருடம் உள்ளே இருப்பார் என்று அக்கா என்னைக் கேட்கிறாள்.

அதன் பிறகு இன்று என் முன்னிலையில் மாமாவை இந்த அறைக்கு அழைத்து வந்தார்கள். கைகளைப் பின்னால் சேர்த்து விலங்கு போட்டிருந்தது. மெக்கானிக் சொல்வது உண்மையா என்று ஐயா அலமாரிப் பக்கம் நின்றபடி கேட்டார். மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எதிரி பதில் சொல்ல மறுத்தார்" என்று எழுத்தர் எழுதினார். அப்போதுதான் நான் சத்தம் போட்டேன், அதற்கு மன்னிக்கவும். பிரஸ் ஓட்டி ஓட்டி மாமாவின் காது எப்போதோ போய்விட்டது. முகத்தைப் பார்த்தால்தான் என்ன கேட்கிறார்கள் என்று அவருக்குப் புரியும். வீட்டிலும் அவர் பாதியைக் கையால்தான் சொல்வார். வாயைக் கட்டிவிட்டு மறுத்தார் என்று எழுதுவது என்ன நியாயம் என்று கேட்டேன்.

ஐயா விலங்கை அவிழ்க்கச் சொல்லி, மாமாவுக்கு நேர் எதிரே வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். மாமா மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். ஐயாவுக்குப் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பி, இடது கையை விரித்துக் காட்டி, வலது கையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, புருவத்தை உயர்த்தினார். என்ன சொல்கிறார் என்று ஐயா என்னிடம் கேட்டார். "நெட்டைக்கு விரல் எல்லாம் பொழைச்சுதான்னு கேக்குறார் ஐயா" என்றேன். "சொல்லுங்க" என்றார் ஐயா. நான் என் கையில் இரண்டு விரலை மடக்கிக் காட்டினேன். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இதில் அடித்துத் திருத்தியது 'மறுத்தார்' என்ற அந்த ஒரு வரியை மட்டும்தான், அதுவும் ஐயா சொல்லி எழுத்தர் தன் கையால் அடித்தது. மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை.

(சாட்சியின் கையொப்பம்)