தோற்ற சோதனைகளைத் தேடித் தந்த தேடலம்மாவுக்கு

கணினி கைவிரித்தாலும் கைவிரிக்காத களஞ்சியமே! கடுகடுத்த முகத்துக்குள் கனிவை ஒளித்த கருணையே! எங்கள் மருந்துப் பரிசோதனைக்கூட நூலகத்தில் முப்பதாண்டு முடிசூடா அரசியாய் வீற்றிருந்து, இன்று ஓய்வுபெறும் தேடலம்மா அவர்களே!

மருந்துத் துளியைத் தட்டில் வைத்துக் கரைப்பானில் நிறுத்தி, கரைப்பான் மேலேற ஏற, கலந்திருப்பவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மெல்லடுக்கு வண்ணப்பிரிகைக்கு நல்லதொரு முறை வேண்டித் தங்கள் மேசைமுன் நின்றவர்க்கெல்லாம் முதலில் கிடைத்தது அதட்டல்தான். “பலிச்சதை எல்லாரும் எழுதுவாங்க. பலிக்காம போனதை யார் எழுதியிருக்காங்கன்னு முதல்ல பாருங்க!” வால் நீண்ட புள்ளிகள், ஒட்டிக்கொண்ட புள்ளிகள், ஓட மறுத்த புள்ளிகள் என உலகத்தார் தோல்விகளைக் கட்டுக்கட்டாய்த் தந்தீர்கள். முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரித்ததும் உண்டு. அது தங்கள் காதில் விழுந்ததும் உண்டு.

அந்தச் சிரிப்பு அடங்கிய நாளைச் சொல்லாமல் இம்மடல் நிறைவுறாது. வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கான மருந்தில் நச்சு கலந்திருக்குமோ என்ற ஐயத்தால் சரக்கு முழுவதும் முடக்கப்பட்டது. வேறு சரக்கும் இல்லை. மருத்துவமனையில் காத்திருந்த பிள்ளைகளுள் எங்கள் தோழி ஒருவரின் மகளும் ஒருத்தி. நாங்கள் தட்டுமேல் தட்டு வைத்தோம். மருந்திலிருந்த கிளிசரின் பெரிதாய்ப் பரவி, நச்சு தெரியவேண்டிய இடத்தையே மூடிக்கொண்டது. சரக்கை அழித்துவிடலாம் என்று மேலிடம் பேசத் தொடங்கியது.

தாங்களோ வழக்கம்போல் தோற்றவர்களைத் தேடினீர்கள். கிளிசரினை மேலேற்றப் பாடுபட்ட சோப்பு ஆலை வேதியியலாளர் ஒருவர், ‘கரைப்பானில் அசிட்டோனைக் கூட்டினால் அது அடியிலேயே உட்கார்ந்துவிடுகிறது, ஆகவே கைவிட்டோம்’ என்று நொந்து எழுதியதைப் பிடித்தீர்கள். “அவருக்கு அது உட்காரக் கூடாது. நமக்கு உட்காரணும். போய் வைங்க!” என்றீர்கள்.

வைத்தோம். கிளிசரின் அடியில் அடங்கியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வேண்டுமென்றே நச்சு சேர்த்த தடத்தில் புள்ளி பளிச்சென்று மேலே நின்றது. மருந்தின் தடத்தில் அந்த இடம் வெறுமையாய் இருந்தது. வெற்றிடத்தைப் பார்த்து நாங்கள் கூத்தாடியது அன்று ஒருநாள்தான். மாலைக்குள் மருந்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தது.

இனித் தங்கள் கணவர் மூக்குக்கண்ணாடியைத் தொலைத்தால், அது எங்கெங்கே இல்லை என்பதிலிருந்து தேடத் தொடங்குவீர்கள். அவருக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்! கண்ணொளி மங்காமல், கால் தளராமல், குரலும் குறையாமல் நீடூழி வாழ்க!

இம்மடலை வாசிக்கும் பொறுப்பை அந்தத் தோழியே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் குரல் தடுமாறினால் பொறுத்தருள்க. அவர் மகள் இந்நேரம் நாற்காலிகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருப்பாள். அவளை உட்காரச் சொல்ல எங்களில் எவருக்கும் மனம் வராது.

நன்றி மறவாத
பரிசோதனைக்கூடத் தோழர் தோழியர்