கடைமடையில் ஒரு ராஜினாமா

— கைய எவ்வளவு தூக்கினாலும் இங்க டவர் கெடைக்காது, இருதயசாமி சார். தென்னமரத்துல ஏறினாலும் கெடைக்காது.

— ஒரு புள்ளி வந்துச்சு பக்கீர் பாய்... போயிருச்சு.

— அப்படி யாருக்கு சார் இவ்வளவு அவசரமா?

— கம்பெனிக்கு. ராஜினாமா மெயில்.

— எது...?

— நாலு மாசமா எழுதி வச்சிருக்கேன். இன்னைக்குத்தான் அமுக்கத் துணிஞ்சேன். நெட்வொர்க் இல்லைங்குது.

— நல்ல நாள் பாத்தீங்க போங்க! ஜீப்பு ஒரு பக்கம் வாய்க்கால்ல கெடக்கு. டிராக்டர் கொண்டாரப் போன முருகையனக் காணும். இந்த வெயில்ல ராஜினாமாவா?

— ஜீப்ப எறக்குனது நீங்கதான பாய். இருவது வருஷமா ஓட்டுறவரு, கைக்குப் பழகின ரோட்டுல...

— ஆடு குறுக்க வந்துச்சு சார்.

— நான் ஆட்டப் பாக்கலயே?

— நீங்க எங்க பாத்தீங்க? கண்ண மூடிக் கனாவுல இருந்தீங்க. 'தொற, தொற'ன்னு வேற சொன்னீங்க.

— ஆமா... அதே கனாதான்.

— சொல்லுங்க. பொழுது போகணுமே.

— எங்க ஆபீஸ்தான். ஆனா லிஃப்ட் இருக்குற எடத்துல மதகு இருக்கு. அந்தப் பக்கம் தண்ணி... சத்தமே இல்லாம நிக்குது. இந்தப் பக்கம் மேசைக்கெல்லாம் அடியில நாத்து, காஞ்சு கெடக்கு. மதகத் தொறக்கணும்னா என் கார்டத் தேய்க்கணும். தேய்க்கிறேன். செவப்பு லைட்டு. அனுமதி இல்லைங்குது.

— அப்புறம்?

— தண்ணி சிரிக்குது பாய்.

— தண்ணியா!

— பொம்பள சிரிக்கிற மாதிரி, மெதுவா... அதக் கேட்டா அழுகையா வருது. சந்தோஷமாவும் இருக்கு.

— எங்க ஊரா இருந்தா தாயத்துக் கட்டிருப்பாங்க. கனாவுக்காகவா சார் வேலய விடுவாங்க?

— கனாவுக்கு இல்ல, கொடிக்கு. வயலுக்கு வயல் மஞ்சக் கொடி நட்டுட்டு, 'அடியில கேஸ் இருக்கு, கம்பெனி கொழா எறக்கணும், கையெழுத்துப் போடுங்க'ங்கிறேன். எங்கப்பாவுக்கு நெல உச்சவரம்புச் சட்டத்துல கெடச்சது மூணு மா வயல். அதுக்கு அவரும் கொடி புடிச்சாரு. ஜெயிலுக்குப் போனாரு. பட்டா கைக்கு வர்றதுக்குள்ள ரெண்டு ஆட்சி மாறிருச்சு. அவரு பெத்த புள்ள நான், இந்தக் கொடிய நடுறேன்.

— அப்ப அன்னைக்கே விட வேண்டியதுதான? எதுக்கு நாலு மாசம்?

— அந்த அப்பாவாலதான். என் விசிட்டிங் கார்ட செபப் புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்காரு, தெரியுமா? அந்தக் காலத்துல அவர வழியில பாத்தா, 'எந்தப் பண்ணையோட ஆளு?'ன்னுதான் கேப்பாங்க. இன்னைக்கு அதே பண்ணையார் வீட்டுப் பேரன் போன் போட்டு என்னைய 'சார்'ங்கிறான். அதக் கேக்குறதுக்கு ஸ்பீக்கர்ல போடச் சொல்லுவாரு. அவருகிட்ட போயி, 'வேலய விட்டுட்டேம்ப்பா'ன்னு எப்படிச் சொல்ல?

— வாய் வராதுதான்.

— என் வீட்டுக்காரி அக்னஸ் ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. 'விட்டுட்டு என்ன செய்வீங்க?' பதினோரு வருஷமா கையெழுத்து வாங்குறதத் தவிர எனக்கு என்ன தெரியும் பாய்? வேற வேலைக்கு நான் லாயக்கே இல்லன்னு பயமா இருக்கு.

— சார்... சார், அங்க பாருங்க! அந்த வளைவுல.

— என்ன?

— தண்ணி சார்! நம்ம கடைமடைக்கும் தண்ணி வந்துருச்சு. சருகையும் நொரையையும் தள்ளிக்கிட்டு வருது பாருங்க.

— முன்னாடி ஒரு கொக்கு... கட்டியக்காரன் மாதிரி நடந்து வருது பாய். நான் எறங்கவா?

— செருப்பக் கழட்டிட்டு எறங்குங்க.

— ஜில்லுன்னு இருக்கு... இதுவும் கனாதானோ?

— கனால சேறு ஒட்டாது. பேன்ட்டச் சுருட்டுங்க. ஆமா சார், அந்த உளவாளியக் கண்டுபிடிச்சீங்களா?

— எந்த உளவாளி?

— நாம வடக்குவெளிக்குப் போறதுன்னா அந்த ஊருக்கே மொத நாளே தெரிஞ்சிருதே. யாரு சொல்றதுன்னு மேனேஜரு உங்களத்தான விசாரிக்கச் சொன்னாரு?

— விசாரிச்சேன்... ஒண்ணும் சிக்கல.

— எப்படிச் சிக்கும்? எங்களுக்கு எல்லாம் காலையில சாவி குடுக்கும்போதுதான் எந்த ஊருன்னே சொல்றாங்க. மொத நாளே தெரியறது மேனேஜருக்கும் உங்களுக்கும்தான்.

— என்ன பாய் சொல்ல வர்றீங்க?

— சாயங்காலம் டீக்கடையில, 'வீட்டுக்கு ஒரு போன்'னு எறங்குவீங்க. காதுல வச்சு நாலு எண்ணுறதுக்குள்ள எடுத்துருவீங்க. ஒரு தடவயாச்சும் ஒதடு அசையணுமே! அதே நேரத்துக்கு வடக்குவெளியில என் மச்சான் ஹாஜா மைதீனுக்கு ஒரு மிஸ்டு கால் வரும். எதிர்ப்பு நோட்டீஸ்ல 'தொடர்புக்கு'ன்னு போட்டிருக்கே, அந்த நம்பர் அவனோடதுதான். மறுநாள் நாம போனா ஊரே ரோட்டுல உக்காந்திருக்கும்.

— ...எத்தன நாளாத் தெரியும்?

— பொங்கல்லேருந்து.

— ஏன் யாருகிட்டயும் சொல்லல?

— அந்த ஊர்ல எனக்கும் அஞ்சு மா குத்தகை இருக்கு சார். அடியில கேஸ் இருக்காம். மேல எங்க சோறு இருக்கு. அத விடுங்க... நேத்து ஏன் சார் மிஸ்டு கால் குடுக்கல?

— விட்டுட்டுப் போறவன்தான... இனிமே எந்தப் பக்கமும் நமக்கு வேணாம்னு இருந்துட்டேன்.

— காலையில சாவியக் குடுத்து வடக்குவெளின்னாங்க. ஊர்ல இன்னைக்கு ஒரு ஈ காக்கா கெடையாது. எல்லாரும் மேல மதகுகிட்ட வாய்க்கால் தூர் வாரப் போயிருக்காங்க. போன்ல சொல்லலாம்னா நீங்க பக்கத்துலயே உக்காந்திருக்கீங்க. வேற வழி தெரியல... ஜீப்ப வாய்க்கால்ல எறக்கிட்டேன்.

— அப்ப அந்த ஆடு?

— ஆடும் இல்ல, மாடும் இல்ல.

— அடப் பாவி மனுஷா!

— இன்னொரு பொய்யும் சொல்லிட்டேன் சார். அந்தா, அந்தப் பாலத்துக் கட்டை மேல ஏறி நின்னா டவர் கெடைக்கும்.

— இந்தக் கட்டையா?

— ஏறுங்க. கைய வேணா புடிச்சுக்கங்க.

— கெடைக்குது பாய். நாலு புள்ளி.

— அப்ப அனுப்புங்க. நான் தடுக்கல சார். உங்க நெஞ்சு படுற பாடு உங்களுக்குத்தான தெரியும்.

— என் எடத்துக்கு யாரு வருவாங்க?

— யாராச்சும் வருவாங்க. 'வீட்டுக்கு ஒரு போன்'னு எறங்கினா, நெசமாவே வீட்டுக்குப் பேசுறவங்க.

— கொஞ்சம் இருங்க பாய், மெயிலத் தொறக்குறேன்.

— டிராக்டர் சத்தம் கேக்குது. முருகையன் வந்துட்டான். என்ன சார், அமுக்கிட்டீங்களா?

— அமுக்கல. அடுத்து வியாழக்கிழம, பாய். விடியக்காலம் ஆறு மணிக்கு, வடக்குவெளிக்குத்தான். இந்தத் தடவ போலீஸும் வருது. உங்க மச்சான்கிட்ட சொல்லிருங்க... நானும் வருவேன்.